எந்தக் கப்பல்?

டிசம்பர் 27

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து 120 கிலோமீட்டர்தான். ஆனால் விடுமுறை நெரிசலில் ப்ரிண்டர்வின் மலைப்பாதை ஏறி இறங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஊர் பெயர் வைப்பூ. போனில் சொன்னபோது அம்மா, "வைப்பா? பேங்க்ல போடுறதா?" என்றாள்.

ஒரே ஒரு கடைத்தெரு. நடுவில் ஒரு கல்தூண், உச்சியில் பின்னங்காலில் நிற்கும் ஸ்காட்லாந்துச் சிங்கம். 1914இல் நட்டது, கிரானைட்டை அபர்டீனிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லாத நாட்டுக்குக் கல்லைக் கப்பலேற்றி வரவழைத்தவர்கள் லேசுப்பட்டவர்களாக இருக்க முடியாது. பக்கத்துத் தெருவின் பெயர் நோவா ஸ்கோஷியா டிரைவ். "அது கனடாவுலல்ல இருக்கு?" என்றாள் மகள். சரியான கேள்வி. நாளைக்கு மியூசியம் போகலாம் என்று சொல்லி வைத்தேன்.

நண்பர் தன் பாச்சைக் கொடுத்திருக்கிறார். விடுமுறை வீட்டுக்கு இந்த நாட்டில் அப்படித்தான் பெயர். சாயங்காலம் வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பாட்டி, வணக்கம் சொன்ன கையோடு, "நாங்கள் ஸ்ப்ரே" என்றார். கொசு மருந்து வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்து, இருக்கிறது, நன்றி என்றேன். பாட்டி சிரித்த சிரிப்பில் வீட்டுக்குள்ளிருந்து நாய் ஓடி வந்தது. ஸ்ப்ரே அவருடைய முன்னோர் வந்த கப்பலாம். "நீங்கள் எந்தக் கப்பல்?"

மகள்தான் பதில் சொன்னாள். "சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்."

டிசம்பர் 28

மியூசியத்தில் மூன்று மணி நேரம். மனைவியும் மகளும் முதல் ஒரு மணி நேரத்தோடு ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டார்கள்.

இந்த ஊரின் கதை நார்மன் மெக்லியோட் என்பவரிடம் தொடங்குகிறது. 1780இல் ஸ்காட்லாந்தின் வடமேற்கில், அசின்ட் வட்டாரத்தில் பிறந்தவர். அங்கிருந்த தேவாலயத்தோடும் அதன் பாதிரியாரோடும் ஒத்துப்போகாமல், 1817இல் கப்பலேறி நோவா ஸ்கோஷியாவில் பிக்டூ என்ற இடத்துக்குப் போனார். பின்னாலேயே ஒரு கூட்டமும் சேர்ந்தது. அங்கும் அவருக்குச் சரிப்படவில்லை. அமெரிக்காவின் ஓஹையோ போவதாக முடிவெடுத்து, தாங்களே ஒரு கப்பல் கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் அதைக் கேலியாக 'ஆர்க்' என்றார்கள், நோவாவின் பேழை. அந்தக் கேலியே பெயராக ஒட்டிக்கொண்டது. கேலிப் பெயர் நிலைப்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பேழை ஓஹையோ போகவில்லை. வழியில் கேப் பிரெட்டன் தீவில் செயின்ட் ஆன்ஸ் என்ற விரிகுடாவைப் பார்த்தார்கள், பிடித்துப்போனது, அங்கேயே தங்கிவிட்டார்கள். முப்பது வருடம்.

மெக்லியோட் அங்கே பாதிரி, வாத்தியார், மாஜிஸ்திரேட் மூன்றும் அவரே. அந்த அதிகாரத்தில் திருட்டுப் பழி சுமந்த ஒரு சிறுவனின் காது நுனியை வெட்ட வைத்தார் என்றொரு கதை அவரைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. பிரசங்கத்தில் பெயர் சொல்லித் திட்டுவாராம், சொந்த மனைவியின் தொப்பியைக்கூட விட்டுவைக்கவில்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட ஆளுக்குப் பின்னால் ஏன் போனார்கள் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

1840களின் கடைசியில் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தது, பஞ்சம். அந்தச் சமயம் பார்த்து ஆஸ்திரேலியா போயிருந்த மகனிடமிருந்து கடிதம்: இங்கே வெயில் இருக்கிறது. மறுபடியும் கப்பல் கட்டினார்கள். அக்டோபர் 1851இல் 'மார்கரெட்' கிளம்பியபோது மெக்லியோடுக்கு வயது 71. கப்பலுக்கு வைத்தது மகளின் பெயர். அடுத்து 'ஹைலேண்ட் லாஸ்'. இரண்டும் அந்தத் தீவிலேயே கட்டியவை. அடிலெய்ட் சரிப்படவில்லை. மெல்பர்ன் போனால் அங்கே தங்க வெறி, கூடாரத்தில் வாழ்க்கை, டைபாய்டு. பெற்ற மகன்களையே அங்கே புதைத்தார் கிழவர். பிறகு நியூசிலாந்து ஆளுநருக்கு எழுதி, 1854இல் இந்த ஆற்றங்கரை.

ஊரிலிருந்து தகவல் போகப் போக இன்னும் நான்கு கப்பல்கள் வந்தன: கெர்ட்ரூட், ஸ்ப்ரே, ப்ரெடால்பேன், எல்லன் லூயிஸ். கடைசிக் கப்பல் 1860இல். எல்லாம் சேர்த்து எண்ணூறு பேருக்கு மேல். ஒரு ஊரே இடம் மாறியிருக்கிறது. மருமகள், மாமியார், பேசாத பங்காளி எல்லாரும் அடக்கம். நான் மதுரையிலிருந்து 23 கிலோ சூட்கேஸோடு தனியாக வந்தவன். அதிலும் நான்கு கிலோ மிளகாய்ப்பொடி.

நிலத்தை அரசு இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் வாங்கி இவர்களுக்குக் கொடுத்தது. சொந்த மண்ணில் நிலைக்க முடியாதவர்களுக்குக் கிடைத்தது இன்னொருவரின் மண். சுவரில் தொங்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது கொஞ்சம் உறுத்தியது.

எங்கு பார்த்தாலும் மெக்கென்சி, மெக்லியோட், மெக்கே, மெக்ரிகர். அடையாளம் தெரிய பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்களாம். எங்கள் தெருவில் டைலர் முருகேசன், கரண்ட் முருகேசன், சும்மா முருகேசன் என்று மூன்று பேர் இருந்தார்கள்.

டிசம்பர் 29

ஆற்றைத் தேடிப் போனேன். வந்தவர்கள் இங்கேயும் கப்பல் கட்டியிருக்கிறார்கள். கப்பல் கட்டிய ஊர் என்றால் நம் மனதில் தூத்துக்குடி மாதிரி ஏதோ வந்துவிடுகிறது. வைப்பூ ஆறோ, கடல் வற்றும் நேரத்தில் முழங்காலளவுதான். சதுப்பு நில அலையாத்திச் செடிகள், சேறு, முக்குளிக்கும் நீர்க்காகம். இங்கேயா?

இங்கேதான். பெரிய துறைமுகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மலையில் கவ்ரி என்ற இந்நாட்டு மரம் நின்றது. முடிச்சில்லாமல் நேராக வளரும், கப்பல்காரர்களுக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. கரையிலேயே ஏராக்கட்டை என்ற அடிமரத்தைப் போட்டு, விலா எழுப்பி, பலகை தைத்து, இடுக்குகளில் நார் திணித்துத் தார் பூசி, கலப்பற்று முடிந்ததும் கடலின் பெரிய ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் வந்து தூக்கிக்கொண்டு போகும். அப்படிக் கட்டிய கட்டர், ஸ்கூனர் என்ற பாய்மரக் கப்பல்கள்தான் மரத்தையும் சாமானையும் இந்தக் கரையோரம் முழுக்க ஏற்றி இறக்கின. சாலை என்று சொல்லும்படி எதுவும் இல்லாத காலம். சாலையும் ரயிலும் வந்தன, படகுகளுக்கு வேலை போயிற்று.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவன் ஏற்றம் வருவதைக் கவனிக்கவில்லை. திரும்பும்போது நடந்து வந்த மணல் காணோம். சேற்றில் இறங்கினேன், இடது கால் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கையை முழங்கை வரை விட்டுத் துழாவியதில் ஒரு பிப்பி சிப்பிதான் கிடைத்தது.

முகத்துவாரத்து மணல்திட்டில் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். டாரா இட்டி என்ற சின்ன ஆலா முட்டையிடும் இடம். உலகத்திலேயே ஏறக்குறைய நாற்பதுதான் மிச்சம். தூரத்தில் ஒன்றைப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். மனைவி நம்பவில்லை.

டிசம்பர் 30

மழை. கேரம் போர்டு. இரண்டு ஆட்டமும் தோல்வி.

டிசம்பர் 31

செருப்பு வாங்க வாங்கரே போனோம், நாற்பது கிலோமீட்டர். இந்தப் பக்கம் வரும் தமிழர் யாரும் சொல்லாமல் போகாத விஷயத்தை நானும் மகளுக்குச் சொன்னேன். 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி இந்த வட்டாரத்தில், மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது சட்டியில்லை, உடைந்த மணி. அதில் எழுதியிருந்தது தமிழ்: மொகைதீன் பக்‌ஷ் கப்பலின் மணி. இப்போது வெலிங்டனில், டெ பாப்பா மியூசியத்தில் இருக்கிறது. எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அப்ப நம்மகிட்டயும் கப்பல் இருக்கு" என்றாள்.

ஜனவரி 1

கேலடோனியன் விளையாட்டு, அதாவது ஸ்காட்லாந்து விளையாட்டுப் போட்டிகள். 1871இல் சங்கம் தொடங்கியதிலிருந்து புத்தாண்டன்று நடக்கிறது. காலையிலிருந்து பேக்பைப் சத்தம். வாசிப்பதற்கு முன் சுருதி சேர்ப்பதையே கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நாதஸ்வரக்காரர் சீவாளியோடு மல்லுக்கட்டுவது ஞாபகம் வந்தது.

கேபர் எறிதல்தான் பெரிய ஈர்ப்பு. ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும் கட்டையை நட்டுக்குத்தலாகத் தூக்கி, தோளில் சாய்த்து, ஓடி, எறிகிறார்கள். எவ்வளவு தூரம் போனது என்பது கணக்கே இல்லை. தலைகீழாகப் புரண்டு, எறிந்தவருக்கு நேர் எதிரே, கடிகாரத்தின் பன்னிரண்டு மணி முள் போல விழ வேண்டும். என் கண்ணெதிரே எறிந்த நால்வரில் மூவருக்குக் கட்டை புரளவே இல்லை, வந்த வழியே திரும்பி விழுந்தது. ஒருவர் விலகி ஓடினார். இளவட்டக்கல்லில் இந்த ஆபத்து கிடையாது, கல் துரத்தாது.

கவட்டை முள்ளால் வைக்கோல் மூட்டையைக் குறுக்குக் கம்பிக்கு மேல் வீசும் போட்டிதான் எனக்குப் பிடித்தது. அது விளையாட்டாக மாறிய வேலை. களத்துமேட்டில் வைக்கோல் போர் போட்டவர்கள் யாரும் முதல் சுற்றிலேயே தேறிவிடுவார்கள்.

இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கப்பலையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வராதவங்க என்ன ஆனாங்க?" என்றாள். செயின்ட் ஆன்ஸில் தங்கிவிட்டவர்களும் உண்டு, 1938இல் அங்கே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கு ஒரு கல்லூரியே தொடங்கினார்கள் என்றேன். "சரி, சாப்பிட்டியா?"

ஜனவரி 2

கிளம்பும்போது பாட்டி வேலியோரம் வந்தார். கூடவே அவர் தம்பி, குச்சி ஊன்றிய, பெரிய காதுகள் உள்ள மனிதர். பாட்டி எங்களை அறிமுகப்படுத்தினார்: "இவர்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்."

அவர் சிரிக்கவில்லை. யோசித்துத் தலையாட்டினார். "எந்த வருஷம்?"

"2011" என்றேன்.