லீவு போட்டுப் போன பயிற்சி

2023 அக்டோபரில் ஒரு பயிற்சி வகுப்புக்காக இரண்டு நாள் லீவு போட்டேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். வகுப்பின் தலைப்பு, ஆய்வகத்துக்கு வெளியே வேலை தேடுவது எப்படி. நடத்தியது நான் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகம். பிஎச்.டி. முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் ஆய்வு செய்யும் என்னைப் போன்ற போஸ்ட்டாக்குகளுக்காகவே இலவசமாக நடத்தினார்கள். எங்கள் கட்டடத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் எங்கள் பி.ஐ. (ஆய்வகத் தலைவர்) எதிரில் வந்துவிடக் கூடாதே என்று குனிந்தபடியே நடந்தேன். வேறு வேலை தேடுகிறாள் என்று தெரிந்தால் முதல் பெயராக எனக்கு வரவேண்டிய கட்டுரை யாருக்குப் போகுமோ என்ற பயம்.

மதுரையில் பிஎச்.டி. முடித்துவிட்டு, 2021 அக்டோபரில் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஸ்காட்லாந்துக்கு வந்தவள் நான். மீன் கருக்களை, லேசர் ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்து மணிக்கணக்கில் படமெடுப்பதுதான் வேலை. ஒப்பந்தம் முடிய 11 மாதம் இருந்தது. பி.ஐ.யின் அடுத்த நிதி விண்ணப்பம் தோற்றுவிட்டது என்ற செய்தி அதற்கு முந்தைய மாதம்தான் வந்திருந்தது.

வகுப்பின் தேநீர் இடைவேளையில் ஒருங்கிணைப்பாளர் பேச்சுக் கொடுத்தார். லீவு போட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "லீவா? எதற்கு? உங்களுக்குத்தான் வருடத்துக்கு 10 நாள் இருக்கிறதே!"

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்வாளர்களின் தொழில் வளர்ச்சிக்கென்று பிரிட்டனில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 2008-இல் வந்தது, 2019-இல் திருத்தினார்கள். அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் அவருடைய சொந்தத் தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு. பகுதிநேர வேலை என்றால் அந்த விகிதத்தில் குறையும். வகுப்பு மட்டும் இல்லை. வழிகாட்டியோடு பேசுவது, இன்னொரு துறைக்காரருடன் ஒரு நாள் கூடவே இருந்து பார்ப்பது, எல்லாமே கணக்கில் சேரும். இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். இயற்பியலாளர் சர் கேரத் ராபர்ட்ஸ் 2002-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரமாவது இப்படிப்பட்ட பயிற்சி தரச் சொல்லியிருந்தார். அதை ஒட்டி வந்த நிதிக்கு 'ராபர்ட்ஸ் பணம்' என்றே பெயர். 2011-இல் அந்தப் பணம் நின்றது, வகுப்புகள் நிற்கவில்லை.

வீட்டுக்குப் போய், நியமனக் கடிதத்தோடு வந்த இணைப்புகளைத் தேடினேன். இருந்தது. ஓய்வூதியத்துக்கும் தீயணைப்பு ஒத்திகைக்கும் நடுவில் ஒரே வரி. இரண்டு வருடத்துக்கு 20 நாளைத் தொலைத்திருக்கிறேன், போதாக்குறைக்கு இரண்டு நாள் லீவு வேறு. அன்று ராத்திரி அந்த இரண்டு நாள்தான் அதிகமாக உறுத்தியது.

பி.ஐ.யிடம் கேட்க மூன்று வாரம் பிடித்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது: "அப்படியா? எனக்கே தெரியாது. நான் போஸ்ட்டாக்காக இருந்தபோது இதெல்லாம் கிடையாது." கெட்டவர் இல்லை, நிஜமாகவே தெரியாது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "கட்டுரை போய்விடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதனால், சில வியாழக்கிழமை காலைகள் மட்டும் என்னுடையவை, மீதி நேரம் எல்லாம் கட்டுரைக்கு என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். அதை மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிட்டேன், நினைவூட்டல் மாதிரி.

பல்கலைக்கழகத்தின் தொழில் ஆலோசகருடன் முதல் சந்திப்பு ஒரு மணி நேரம். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010-இல் வெளியிட்ட ஒரு படத்தைக் காட்டினார். அறிவியலில் பிஎச்.டி. முடிப்பவர்கள் எந்தெந்தப் பக்கம் பிரிந்து போகிறார்கள் என்று காட்டும் கிளைப்படம் அது. நிரந்தர ஆய்வுப் பணியில் போய் உட்காருபவர்கள் 3.5 சதவீதம், பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 சதவீதம். கூட்டம் அதிகம் என்று தெரியும்தான். இருந்தாலும் பெரும்பான்மை போகும் பாதைக்கு நான் இத்தனை நாளாகத் 'தோல்வி' என்று பெயர் வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. மதுரையில் எங்கள் துறையில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். வளாக நேர்காணல் என்பது இளங்கலைப் பிள்ளைகளுக்கு. பிஎச்.டி.க்காரர்கள் 'செட்டில் ஆனவர்கள்'.

அப்புறம் ஒரு கட்டு அட்டைகளை மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்: பணம், சுதந்திரம், பயணம், ஒரே ஊர், போட்டி, கற்பித்தல், அங்கீகாரம். முக்கியம், பரவாயில்லை, வேண்டாம் என்று மூன்று குவியல் போடச் சொன்னார். நான் பத்தே நிமிடத்தில் நல்ல பிள்ளையாகப் பிரித்துவிட்டேன். பிரித்ததில் பாதி பொய், எப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியதைத்தான் வைத்திருந்தேன். அவர் அட்டைகளை ஓரம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "போன வாரம் என்ன செய்தீர்கள்? நாள் நாளாகச் சொல்லுங்கள்."

சொன்னேன். திங்கள், தரவு அலசல். செவ்வாய், பக்கத்து ஆய்வகப் பையனுக்கு லேசர் அளவு சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தது. புதன், பழுதான கேமராவுக்காகக் கம்பெனிக்காரரோடு இரண்டு மணி நேரம் போனில் மல்லுக்கட்டியது. வியாழன், கட்டுரை. வெள்ளி, புதிதாக வந்த மூன்று பேருக்கு நுண்ணோக்கிப் பயிற்சி. அவர் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். செவ்வாய், புதன், வெள்ளிக்குக் கீழே கோடு போட்டிருந்தார். "இந்த மூன்றையும் சொல்லும்போது வேகமாகப் பேசினீர்கள்." நுண்ணோக்கி விற்கும் கம்பெனிகளில், வாங்குபவர்களுக்குக் கருவியை இயக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் 'அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்றொரு வேலை இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். இத்தனைக்கும் புதன்கிழமை போனில் நான் சண்டை போட்ட ஆளுக்கே அதுதான் வேலையாம்.

ஆய்வாளர்களின் தொழில் வளர்ச்சிக்கான வைட்டே அமைப்பின் 'ஆய்வாளர் திறன் வட்டம்' என்று ஒன்று, நம் திறன்களை நாமே மதிப்பிட்டு நிரப்புவது. அப்போது அதில் 63 தலைப்பு. உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டேன். பிஎச்.டி. முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு அது நல்லது. பத்து மாதத்தில் வேலை வேண்டும் என்பவர்களுக்கு இல்லை.

என் சி.வி. ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண விவரம். கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்', இடம், நாள், கையொப்பம். ஆலோசகர் சிரிக்கவில்லை, "இது எதற்கு?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரியவில்லை. அப்பா காலத்து பயோடேட்டாவிலிருந்து வந்திருக்க வேண்டும். கம்பெனிக்கு இரண்டு பக்கம் போதும், கட்டுரைப் பட்டியல் வேண்டாம், இரண்டு கட்டுரையும் ஓர் இணைப்பும் போதும் என்றார். ஒன்பதை இரண்டாக்க நான்கு வியாழக்கிழமை ஆனது. 'கான்ஃபோகல் நுண்ணோக்கியில் அனுபவம்' என்று இருந்த வரி, 'இரண்டு ஆண்டுகளில் 40 பேருக்குக் கான்ஃபோகல் பயிற்சி கொடுத்தேன்; அவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வாரத்திலிருந்து தனியாக இயக்கினார்கள்' என்று மாறியது. அந்த நாற்பதை எண்ண முன்பதிவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது.

டிசம்பர் 4 அன்று வேறு இடி. வெளிநாட்டவர் இங்கே வேலை பார்ப்பதற்கான ஸ்கில்டு ஒர்க்கர் விசாவின் பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலிலிருந்து 38,700 பவுண்டு என்று அரசு அறிவித்தது. அதுவரை 26,200. பதறிப்போய் ஆலோசகரிடம் ஓடினேன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்: விசா ஆலோசனையைச் சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் மட்டுமே சொல்லலாம், தான் வாய் திறந்தாலே குற்றம். பல்கலைக்கழகத்திலேயே விசாவுக்கென்று தனி அலுவலகம் இருந்தது, அங்கே அனுப்பினார். முழு விதிகளும் வெளிவந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஏப்ரல் 4-க்கு முன்பே அந்த விசாவில் இருந்தவர்களுக்குத் தனி வரம்பு, அப்போது 29,000. அந்தந்த வேலைக்கென்று அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் தனி. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது: வெளிநாட்டவரை இப்படி விசாவில் வேலைக்கு எடுக்க ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அலுவலகமே வெளியிடுகிறது, யாரும் பதிவிறக்கலாம். விண்ணப்பிக்கும் முன் கம்பெனி பெயரை அதில் தேடிப் பார்ப்பேன். இல்லையென்றால் அதோடு விட்டுவிடுவேன்.

லிங்க்ட்இன்னில் 14 பேருக்கு எழுதினேன். வேலை கேட்டு இல்லை, உங்கள் வேலை எப்படி என்று 20 நிமிடம் பேச முடியுமா என்று. ஐந்து பேர் பதில் போட்டார்கள், மூன்று பேர் பேசினார்கள். அதில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், இங்கே நுண்ணோக்கிக் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக இருக்கிறார். இரண்டாவது நிமிடத்திலேயே 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது.

"வாரத்துல மூணு ராத்திரி ஓட்டல்லதாங்க படுப்பேன். அது ஒத்துவருமான்னு பாத்துக்கங்க. அப்புறம், டெமோ அன்னிக்கு மெஷின் கிளம்பலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"சரிபண்ணப் பாப்பேன் அக்கா."

"அதுக்கு முன்னாடி, எதிர்ல நிக்கிற பேராசிரியர்கிட்ட என்ன பேசுவீங்க? அதுதாங்க இந்த வேலை." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார், "லைசென்ஸ் இருக்குங்கள்ல?"

இருந்தது, மதுரையில் எடுத்தது. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே முதல் 12 மாதம்தான் ஓட்டலாம். நான் வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு விளம்பரங்களை எடுத்துப் பார்த்தால், நான் பார்த்த எல்லாவற்றிலும் 'பிரிட்டன் ஓட்டுநர் உரிமம் கட்டாயம்' என்ற வரி இருந்தது. எந்தத் தொழில் வழிகாட்டல் வகுப்பிலும் இதை யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் எல்.எல்.ஆர். மாதிரியான தற்காலிக உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்வில் 50-க்கு 43 வேண்டிய இடத்தில் 47 எடுத்தேன். சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைத்தது ஜூனில். முதல் தடவை தோல்வி. ரவுண்டானாவில் ரொம்ப நேரம் காத்திருந்தேனாம். மதுரைக்காரியை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மாதிரி நேர்காணலை ஆலோசகர் பதிவுசெய்தார். சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்லப் பழக்கினார்கள். அது சீக்கிரம் வந்துவிட்டது. வராதது 'நான்'. முடிந்ததும் ஒரு தாளைத் தள்ளினார், அதில் ஐந்தைந்தாகக் கோடு. பத்து நிமிடத்தில் 23 முறை 'நாங்கள்' என்று சொல்லியிருக்கிறேன். நாங்கள் சரிசெய்தோம், நாங்கள் முடிவெடுத்தோம். "அந்தக் கேமராவைச் சரிசெய்தது எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் ஒருத்திதான். வாய் வரவில்லை. 'நான் நான்னு பேசாதே, கேக்கறவங்களுக்கு நல்லா இருக்காது' என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த வாய். இரண்டாவது பதிவில் ஒன்பது. மூன்றாவதில் நான்கு, அந்த நான்கும் நிஜமாகவே நாங்கள்.

ஜூன் கடைசியில் மனிதவளத் துறையிலிருந்து கடிதம் வந்தது, 'ஆட்குறைப்புக்கு உள்ளாகும் நிலை' என்ற தலைப்போடு. படித்ததும் கை நடுங்கியது. ஒப்பந்தம் முடிவதற்கு இங்கே சட்டத்தில் அதுதான் பெயராம். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதற்குச் சின்னதாக ஓர் இழப்பீடும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் வேறு வேலைக்கு முன்னுரிமைப் பட்டியலிலும் பெயர் போகும். அந்தப் பட்டியலால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஜூலையில் இரண்டு நேர்காணல். ஒன்றில் டெமோ கொடுக்கச் சொன்னார்கள். நடுவில் மென்பொருள் உறைந்து நின்றது. வேண்டுமென்றே செய்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அது மறுபடி கிளம்பும்வரை, எதிரில் இருந்தவரிடம் உங்கள் மாதிரியின் தடிமன் என்ன, எந்தச் சாயம் போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தக் கம்பெனிதான் எடுத்துக்கொண்டது. அக்டோபரில் சேர வேண்டும், ஓட்டுநர் உரிமத்தோடு.

இரண்டாவது சாலைத் தேர்வு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை காலை. அதுவரை அந்த வருடக் கணக்கில் ஒன்பதரை நாள் எடுத்திருந்தேன், அரை நாள் மிச்சம். வேலைக்குக் கட்டாயம் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறதே, இதையும் தொழில் வளர்ச்சியில் சேர்க்கலாமா என்று ஆலோசகருக்கு எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "இதற்கு மட்டும் லீவு போடுங்கள்."