குசினி அலுமாரிக் குறிப்புகள்: மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து

ஜூன் 1, ஞாயிறு

அலுமாரியில் இருந்த பைக்கற்று, போத்தல் எல்லாவற்றையும் மேசையில் இறக்கி, நானும் மகளும் பின்பக்கத்தை வாசித்தோம். இவர் பேப்பரை விரித்துக்கொண்டு கண்டும் காணாதவர் மாதிரி இருந்தார்.

உணவில் சேர்க்கிற பொருள்களுக்கு லேபிளில் போடுகிற ஈ-நம்பர் இருந்தாலே நஞ்சு என்று வட்ஸ்அப்பில் வருகிற கதையை நான் எடுக்கவில்லை. அப்படிப் பார்த்தால் ஈ-300உம் நஞ்சு. அது வைட்டமின் சி. ஈ-330 தேசிக்காயில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலம். ஈ-100 மஞ்சளின் நிறம். என் கணக்கு வேறு. இல்லாத பழத்தை இருப்பதாகக் காட்டுகிற நிறம், இல்லாத கோழியை நாக்குக்குச் சொல்கிற தூள், இவை முதலில் வெளியே போகட்டும். சாமான் பழுதாகாமல் காக்கிறவற்றை ஒவ்வொன்றாக யோசிக்கலாம்.

ஜூன் 3, செவ்வாய்

முதலில் போனது தோடம்பழக் கோடியல், தண்ணீரில் கலந்து குடிக்கிற இனிப்புப் பானம். பழம் லேபிளில் படமாக மட்டும் இருந்தது. உள்ளே சீனி, தண்ணீர், 330, பழுதாகாமல் இருக்க 211, நிறத்துக்கு 102, 110. இந்த இரண்டு நிறங்களும் 2007இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆறு நிறங்களில் உள்ளவை. சில பிள்ளைகளின் துடியாட்டம் கூடியது என்று அந்த ஆய்வு சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் இந்த ஆறில் எதைச் சேர்த்தாலும் எச்சரிக்கை வாசகம் போடச் சொல்கிறது. நம் இலங்கையில் 2016இலிருந்து குளிர்பானப் போத்தலில் இருக்கிற வட்டம் சீனியை மட்டும்தான் சொல்லும்: 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. நிறத்தைப் பற்றி அதற்குப் பேச்சே இல்லை.

தேசிக்காய் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுத்தேன். “இதில கலரே இல்லையே அம்மா” என்றாள். குடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஜூன் 6, வெள்ளி

மாமி வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். ஆனால் வெள்ளி மத்தியானம் சோற்றுக்குப் பிறகு ஒரு யோகட் கப் கட்டாயம் வேண்டும். இன்றைக்கு அந்தக் கப்பின் ஓரத்தை வாசித்தேன்: ஜெலற்றின். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற சாமான். இத்தனை வருடத்து வெள்ளிக்கிழமைகளையும் யோசித்து வாயை மூடிக்கொண்டேன். “இனி சட்டித் தயிர்தான் மாமி, அதுதான் உடம்புக்கு நல்லம்” என்று மட்டும் சொன்னேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து எருமைத் தயிர். எருமைப் பாலில் கொழுப்பும் கூட, தண்ணீரும் குறைவு. அதனால் கெட்டியாக்க எதுவும் தேவையில்லை. மிச்சத் தண்ணீரை மண்சட்டி உறிஞ்சிக்கொள்ளும். அதன் வெளிப்பக்கம் வேர்த்தது போல் ஈரமாக இருந்தது. மேலே இளமஞ்சளாக ஆடை. கரண்டியால் வெட்டி எடுத்த பள்ளம் இரவுவரைக்கும் அப்படியே நின்றது, அடியில் ஒரு கரண்டி அளவு இளம்பச்சை நிறத் தண்ணீர் மட்டும் ஊறியிருந்தது. மாமி கருப்பட்டி கடித்துக்கொண்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 12, வியாழன்

கச்சான் காற்று நன்றாக வீசுகிறது. மிளகாய், மல்லி இரண்டு நாளில் காய்ந்துவிட்டன. மஞ்சளைக் கிழங்காகவே காத்தான்குடியில் வாங்கினேன். கடைக்கார நானா ஒன்றை முறித்துக் காட்டி, “உள்ளுக்குப் பாருங்க தங்கச்சி, கிழங்குல கலப்படம் செய்ய ஏலாது” என்றார். 2020இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் விலை ஏறிய நேரம், தூளில் மாவைக் கலந்து விற்ற கதை இங்கே யாருக்கும் மறக்காது. வங்காளதேசத்தில் இதைவிட மோசமாக இருந்தது. கிழங்கு பளிச்சென்று தெரிவதற்காக லெட் குரோமேட், அதாவது ஈயம் சேர்ந்த நிறம் பூசியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே கிழங்கு என்றாலும் வெளியே அளவுக்கு மிஞ்சி மினுங்கினால் வாங்கமாட்டேன். இந்த மாதிரிச் சாமானுக்கு லேபிளில் நம்பரும் இருக்காது. எனக்கு 211ஐவிட இதுதான் பயம்.

மில்லில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, அயடின் கெமிக்கல், இனிமேல் அயடின் போடாத கல்லுப்புத்தான் என்றார். இதில் நான் அவர் பக்கம் இல்லை. 1995இலிருந்து இந்த நாட்டில் சமையலுப்பில் அயடின் சேர்ப்பது கழுத்தில் கழலை வராமல் இருக்கத்தான். அந்தச் சேர்மானம் எங்கள் வீட்டில் இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாமசிக்குப் போனோம். காசாளர் நோட்டைப் பார்க்கிற புற ஊதா விளக்குக்குக் கீழே மகள் கையை நீட்டினாள். வெள்ளைச் சட்டையின் கை நீலமாகப் பளீரென்று எரிந்தது. என் கைத்தறித் துண்டைப் பிடித்துப் பார்த்தோம், மங்கலாகவே கிடந்தது.

உடுப்புத் தூளில் சேர்க்கிற வெண்மையூட்டியின் வேலை அது. அழுக்கை எடுப்பது அதன் தொழில் இல்லை. துணியிலேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை நீலமாக மாற்றி, மஞ்சளித்த துணியை வெள்ளை என்று நம்பவைக்கும். மாமியிடம் சொன்னேன். “நாங்க நீலம் போட்டதும் அதுக்குத்தானே புள்ள” என்றார். ஓம், அதுவும் சரிதான். கோடியல் நிறத்துக்கு வைத்த கணக்குப்படி இதுவும் வெளியே போகவேண்டும். ஆனால் யூனிஃபோம் மங்கினால் பிள்ளைக்குத்தான் பேச்சு விழும். எனவே வெள்ளைக்கு மட்டும் தூள், மற்ற உடுப்புக்கெல்லாம் வாசனை போடாத கட்டிச் சவர்க்காரம்.

ஜூன் 19, வியாழன்

யூடியூப்பில் யாரோ குளோரினையும், அதாவது வெளுக்கிற திரவத்தையும், வினாகிரியையும் கலந்து பாத்ரூம் கழுவச் சொல்கிறார். செய்யாதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். டொயிலட் கழுவுகிற அசிட்டோடு கலந்தாலும் அதேதான். தும்பும் சவர்க்காரமும் போதும்.

ஜூன் 22, ஞாயிறு

சூப் கட்டிக்கு மாற்று கிடைத்துவிட்டது. கூனி இறாலை வெறும் சட்டியில் மணம் வருமட்டும் வறுத்து, மாசிக் கருவாட்டோடு சேர்த்து இடித்துப் போத்தலில் போட்டேன். சோயா மீட் கறிக்கு அரைக் கரண்டி போதும்.

உண்மையைச் சொன்னால், நாக்கில் வேலை செய்கிற பொருள் ஒன்றேதான். 1908இல் ஜப்பானில் இக்கேடா என்பவர் கடற்பாசியில் பிரித்தெடுத்த குளுட்டமேட்தான் கட்டியில் 621 என்று இருக்கிறது. 631 என்று போடுகிற இனோசினேட் மாசியில் இயற்கையாகவே உண்டு. நான் கட்டியை நிறுத்தியது உப்புக்காக. உள்ளடக்கத்தில் முதல் பெயரே அதுதான். என் போத்தலில் உப்பை நானே அளந்து போடலாம். இவர் இரண்டாவது தரம் கறி கேட்டார், ஆனால் மணம் தலையணைவரைக்கும் வருகிறதாம்.

நூடில்ஸை மட்டும் நிறுத்த முடியவில்லை. மகளோடு பேரம் பேசி, மாதத்தில் இரண்டு தரம், மசாலாப் பையில் பாதி என்று முடித்திருக்கிறோம்.