கான்ஜியோடு கூடவே படிக்க வேண்டியவை: முதல் 300 எழுத்து வரை

ஜப்பானிய மொழியில் சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துதான் கான்ஜி. எழுத்து ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று பட்டியல் போட்டு அதை உருப்போட்டால் முதலில் வேகமாகத்தான் போகும். வாக்கியத்தைப் பார்க்கும்போதுதான் சிக்கல். ‘உயிர், பிறப்பு’ என்று மனப்பாடம் செய்த அதே எழுத்து, மாணவன் என்ற சொல்லில் ‘செய்’ (ககுசெய்), வாழ்நாள் என்பதில் ‘ஷோ’ (இஷ்ஷோ), பச்சையான மீன் என்றால் ‘நம’, வாழ்வதற்கு ‘இ’ (இகிரு), பிறப்பதற்கு ‘உ’ (உமரெரு). பொருள் தெரிந்தும் வாய்விட்டுப் படிக்க முடியாது. செய்து பார்த்ததில் நின்று பிடிப்பது இதுதான்: தினமும் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பாதி எழுத்துக்கு, பாதி அதைத் தாங்கும் மற்றவற்றுக்கு.

முதலில் கட்டகானா. ஜப்பானியத்தில் ஒலியை மட்டும் குறிக்கும் எழுத்து வரிசை இரண்டு: ஹிரகானா, கட்டகானா. ஹிரகானாவின் 46 எழுத்தை முடித்த கையோடு கான்ஜிக்குத் தாவுகிறவர்கள் நிறைய. ஆனால் கான்ஜி அகராதிகளில் சீன வழி வந்த உச்சரிப்பு (ஒன்யோமி) கட்டகானாவிலும் ஜப்பானிய உச்சரிப்பு (குன்யோமி) ஹிரகானாவிலும்தான் அச்சாகும். கட்டகானா தடுமாறினால் அகராதியில் பாதி பூட்டிக் கிடக்கும். ‘ஷி’யும் ‘ட்சு’வும், ‘ன்’னும் ‘ஸோ’வும் குழப்புவதற்குக் காரணம் அவற்றை ஓவியமாகப் பார்ப்பது. எழுதிப் பாருங்கள். ஷி, ன் இரண்டிலும் சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். ட்சு, ஸோ இரண்டிலும் சிறு கோடுகள் மேலே வரிசையாக நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும்.

அடுத்தது தமிழர்கள் மட்டும் விழும் பள்ளம். உச்சரிப்பைத் தமிழில் குறித்து வைக்காதீர்கள். தித்திப்பான பெர்சிமன் பழத்துக்கும் சாவிக்கும் ஜப்பானியத்தில் ஒரே வேறுபாடு, நடுவில் வரும் ககரம் வன்மையா மென்மையா என்பது. தமிழில் இரண்டையும் ‘ககி’ என்றுதான் எழுத முடியும். வன்மை வேண்டும் என்று ‘கக்கி’ என்று எழுதினால் அது உற்சாகம் என்ற மூன்றாவது சொல். தங்கமும் வெள்ளியும் இப்படியே: இரண்டும் ‘கின்’, ஒன்றில் ‘கடல்’ என்பதன் ககரம், மற்றதில் ‘சங்கு’ என்பதன் ககரம். ஆகவே நோட்டில் பொருளைத் தமிழில் எழுதலாம், உச்சரிப்பை ஹிரகானாவில் மட்டும்.

மறுபுறம், குறில் நெடிலில் நமக்குப் பெரிய வசதி இருக்கிறது. ஒபசன் என்றால் அத்தை, சித்தி. ஒபாசன் என்றால் பாட்டி. எகரமும் ஒகரமும் குறுகுவதும் நீள்வதும் நம் காதுக்குப் பழக்கம்; அதை வீணாக்க வேண்டாம். எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நெடில் ஓகாரம் பெரும்பாலும் ஒ, உ என்ற இரு எழுத்தாக வரும். பெரியது (ஓகீ), தூரம் (தோய்), பனிக்கட்டி (கோரி) முதலான சில சொற்களில் ஒ, ஒ என்றே வரும். இவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் படிப்பது? ஜப்பானியப் பள்ளிகளின் தொடக்க ஆறு வகுப்புகளுக்கு 1026 எழுத்து. முதல் வகுப்புக்கு 80, இரண்டாம் வகுப்புக்கு 160. ஏற்கெனவே பேசத் தெரிந்த குழந்தைகளுக்குப் போட்ட வரிசை அது. சிப்பி, மூங்கில், நூல் எல்லாம் முதல் வகுப்பிலேயே வந்துவிடும். ‘குடி’, ‘ரயில் நிலையம்’ மூன்றாம் வகுப்பில், ‘நான்’ ஆறாம் வகுப்பில். பெரியவர்கள் பேசப் பயன்படும் சொல்லின் வரிசையில் போவதே மேல். நாளுக்கு 5 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்: ஒன்று ஒன்யோமியில், ஒன்று குன்யோமியில். ஆன்கி (மறக்காமலிருக்கத் திரும்பத் திரும்பக் காட்டும் அட்டைச் செயலி) அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் ஹிரகானா உச்சரிப்பு, தமிழ்ப் பொருள், ஒலி. தனி எழுத்தை முன்பக்கம் போட்டால் எந்த உச்சரிப்பைச் சொல்வது என்று தெரியாமல் அட்டையே பயனற்றுப் போகும். புது அட்டையைப் பத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். சில வாரங்களில் திரும்பப் பார்க்க வேண்டியவை அதைப் போல் ஏழெட்டு மடங்காகக் குவியும்.

இலக்கணத்தைத் தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய இழப்பு. ‘உண்’ என்ற கான்ஜி தபெரு என்பதில் ‘த’வை மட்டும் மூடுகிறது, மிச்சம் ஹிரகானாவில் வெளியே நிற்கும். தபெரு, தபெத, தபெனய்: உண்ணும், உண்டது, உண்ணாது. வெளியே நிற்கும் இந்த வால்தான் ஒகுரிகானா. விகுதி மாறுவது தெரியாவிட்டால் எழுத்து எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. ‘வா’ என்ற வினையைப் பாருங்கள்: குரு, கித, கொனய். கான்ஜி ஒன்றுதான்; வால் மாற மாற அதன் ஒலியே கு, கி, கொ என்று மாறுகிறது. வா, வருகிறேன், வந்தேன் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது அச்சம் தரக்கூடாது. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால் என்ற வாக்கிய அமைப்பும் நமக்குப் புதிதல்ல. இலக்கணத்துக்கு நாளுக்கு 15 நிமிடம் ஒதுக்கினாலும் கான்ஜி படிப்பு இலகுவாகிவிடும்.

கையெழுத்துக்குக் கடையில் கிடைக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டத்துக்குள் ஓர் எழுத்து அடங்காது. நான்கு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாகக் கொள்ளுங்கள். நடுவில் வரும் சிலுவைக் கோடு, ஜப்பானியப் பயிற்சி ஏடுகளின் புள்ளிக் கோட்டு வேலையைச் செய்யும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக் கோடு முன், நெடுக்குக் கோடு பின், சூழும் சட்டத்தின் அடிக்கோடு கடைசி. ஓர் எழுத்தை ஐந்தாறு தடவைக்கு மேல் ஒரே மூச்சில் எழுதிப் பயனில்லை, கை ஓடும், மூளை நின்றுவிடும். கோட்டின் நீளமும் முக்கியம்: ‘மரம்’ என்ற எழுத்தின் மேல் இன்னொரு குறுக்குக் கோடு சிறியதாக இருந்தால் ‘இன்னும் இல்லை’, பெரியதாக இருந்தால் ‘முடிவு’.

ஒரு கான்ஜிக்குள் அதன் உச்சரிப்பைக் காட்டும் பகுதி இருக்கும்; அந்த ஒலி தரும் உறுப்புகளை 150 எழுத்துக்குப் பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் ஒப்பிட எழுத்து இருக்காது. நீலம் ‘செய்’, பக்கத்தில் நீர் சேர்ந்தால் தூய்மை, சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம், இரண்டின் ஒன்யோமியும் ‘செய்’தான். எல்லா இடத்திலும் இது நடக்காது. கோயில் ‘ஜி’, நேரமும் ‘ஜி’, ஆனால் அதே உறுப்பு உள்ள ‘காத்திரு’ மட்டும் ‘தய்’.

கைபேசியில் ஜப்பானிய விசைப்பலகையை முதல் வாரமே சேர்த்துவிடுங்கள். தட்டச்சு தினசரித் தேர்வு மாதிரி. ஷுஜின் என்றால் கணவர், ஷூஜின் என்றால் கைதி. நெடிலை விட்டால் வேண்டிய எழுத்து வராது. இன்னொன்று: மொழி அமைப்பில் ஜப்பானியம் இல்லாத கைபேசிகளில் சில கான்ஜி சீன வடிவில் தெரியும். ‘நேர்’ என்ற எழுத்தில் இடப்பக்கம் இறங்கி அடியில் மடங்க வேண்டிய கோடு அப்போது காணாமல் போகும். அதைப் பார்த்து எழுதிப் பழகினால் தவறாகப் பதியும். அமைப்பில் மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தை இரண்டாவதாகச் சேர்த்தால் சரியாகும்.

வாசிப்புக்கு, கான்ஜி மேல் சிறிய ஹிரகானா (ஃபுரிகானா) அச்சான எளிய கதைகளை எடுங்கள். பக்கத்துக்கு நான்கைந்து தெரியாத சொல்லுக்கு மேல் வந்தால் இன்னும் எளிய கதைக்கு ஒரு படி இறங்குங்கள். முதல் வாசிப்பில் ஃபுரிகானாவை ஓர் அட்டையால் மறைத்து, இரண்டாவதில் திறந்து சரிபார்த்து, தவறிய சொல்லை மட்டும் ஆன்கியில் சேருங்கள்.