22 நிமிஷம் ஊர்ந்த சி.டி. படங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், பிரிண்டர், சில நாள் லிஃப்ட்கூட என் தலையில்தான் விடியும். ஃபிலிம் போடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் பேக்ஸ் சர்வருக்குப் (படங்களைச் சேமித்துக் காட்டும் கம்ப்யூட்டர்) போகும், டாக்டர்கள் அவரவர் ஸ்கிரீனில் பார்த்துக்கொள்வார்கள். போன வருஷம் மூன்று வாரம் சி.டி. படங்கள் மட்டும் போய்ச் சேர மாட்டேன் என்று அடம் பிடித்தன. இதே தொல்லையில் மாட்டிக்கொண்டு புது சர்வருக்குப் பணம் கட்டப் போகிறவர் யாராவது இருந்தால், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

முதல் போன் ராத்திரி பதினொன்றுக்கு வந்தது. "தம்பி, ஸ்கேன் முடிஞ்சு கால் மணி நேரமாச்சுன்றாங்க, எனக்குப் பாதிப் படம்கூட வரலையே" என்றார் ரேடியாலஜி டாக்டர். பக்கவாதம் வந்த நோயாளி. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி என்றால், அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதில் பாதியை ஆம்புலன்ஸும் ரோடுமே தின்றுவிடும். டாக்டர் காத்திருக்கவில்லை, இரண்டு மாடி இறங்கி ஓடிப்போய் ஸ்கேன் ரூமில், ஸ்கேனரை இயக்கும் கம்ப்யூட்டரான கன்சோலிலேயே பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சி.டி. படம் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்.பி. மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களை மெல்லிய சீவல்களாக எடுத்தால் 1,200 படம், 600 எம்.பி. வரும். 100 மெகாபிட் வேக லைனில் வினாடிக்கு 12 எம்.பி. (மெகாபைட்) வரை போகும் என்பதால் ஒரு நிமிஷத்தை ஒட்டி முடிய வேண்டிய வேலை. எங்களுக்கு 22 நிமிஷம் ஆனது.

பேக்ஸ் விற்ற கம்பெனியிலிருந்து வந்தவர் சர்வரை ஒரு பார்வை பார்த்து, "வயசாயிடுச்சு சார், எஸ்.எஸ்.டி. போட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்று கொட்டேஷனையும் அனுப்பிவிட்டார். நிர்வாகமும் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் எம்.ஆர்.ஐ. படங்களும் அதே சர்வருக்குத்தானே போகின்றன, அவை மட்டும் எப்படி ஒழுங்காகப் போகின்றன? இந்த ஒரு கேள்விதான் என்னை விடவில்லை.

கன்சோலில் டைகாம் எக்கோ (மருத்துவப் படங்களை அனுப்பும் பொது மொழியான டைகாமில் தொடர்பைச் சோதிக்கும் பட்டன்) அழுத்தினால் பச்சை. பிங், அதாவது ஒரு சின்னத் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. இந்த இரண்டையும் நம்பி ஒரு வாரத்தைத் தொலைத்தேன். எக்கோ என்பது வாசலில் நின்று "ஐயா இருக்கீங்களா" என்று கேட்பது மாதிரி, உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்பார், அவ்வளவுதான். மூட்டை தூக்க முடியுமா என்று அது சொல்லாது.

அப்புறம்தான் புத்தி வந்து, ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து அளக்க ஆரம்பித்தேன். கன்சோலில் மாட்டியிருந்த அதே கேபிளை என் லேப்டாப்பில் மாட்டி, டிசிஎம்டிகே என்ற இலவசக் கருவித்தொகுப்பால் அதே 1,200 படங்களை சர்வருக்கு அனுப்பினேன். (சர்வரில் லேப்டாப்பின் டைகாம் பெயரான ஏ.ஈ. டைட்டிலைச் சிறிய எழுத்தில் பதிந்துவிட்டு, அனுப்பும்போது பெரிய எழுத்தில் கொடுத்து, ஏன் விரட்டுகிறது என்று அரை மணி நேரம் விழித்தது தனிக் கதை.) ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் போய்விட்டது. சர்வர் குற்றவாளி இல்லை, கேபிளும் இல்லை. அடுத்து, லேப்டாப்பில் ஆர்த்தாங்க் போட்டேன். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் உருவான இலவச டைகாம் சர்வர் அது, நிறுவப் பத்து நிமிஷம் போதும். கன்சோலிலிருந்து நேரடிக் கேபிளில் அதற்கு அனுப்பினால், மறுபடியும் ஆமை வேகம். நடுவில் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச்கூட இல்லை. அப்படியானால் கன்சோலின் நெட்வொர்க் கார்டு போயிற்று என்று முடிவு கட்டி ஸ்கேனர் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். அது தப்பான முடிவு.

சர்வீஸ் இன்ஜினியர் வந்து, நமக்குத் திறக்காத நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தார். '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' (100 மெகாபிட் வேகம், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யலாம்) என்று கையால் பூட்டி வைத்திருந்தது. பழைய சுவிட்சிலும் அந்த போர்ட்டை யாரோ அதே மாதிரி பூட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் முன்னால் சுவிட்சை மாற்றியபோது, புதியதில் எல்லா போர்ட்டும் ஆட்டோ, அதாவது இரண்டு முனையும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் ஆட்டோ என்றால், ஆட்டோ பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், ஃபுல் டூப்ளெக்ஸ் என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம்) இறங்கிவிடும். கன்சோல் எப்போது வேண்டுமானாலும் பேசும், சுவிட்ச் அதை மோதல் என்று நினைத்துத் தன் பாக்கெட்டைப் பாதியில் கைவிடும், தொலைந்ததை மறுபடி அனுப்ப வேண்டும். பிங் மாதிரித் துளித்துளியாகப் போனால் எதுவும் தெரியாது, 600 எம்.பி. போனால்தான் நாறும். என் லேப்டாப்பும் ஆட்டோதானே, அதனால்தான் நேரடிக் கேபிளிலும் அதே கதை. சுவிட்சில் அந்த போர்ட்டின் கவுன்ட்டரைப் பார்த்தேன், லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியவரும் மோதல்) ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தது. முதல் நாளே அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

கன்சோலையும் ஆட்டோவுக்கு மாற்றியதும் இரண்டு பக்கமும் ஜிகாபிட்டுக்கு (100 மெகாபிட்டைப் போலப் பத்து மடங்கு) ஏறின. 600 எம்.பி. 40 வினாடி. சர்வரில் ஆன்ட்டிவைரஸ் ஒவ்வொரு படத்தையும் எழுதும்போதே மோந்து பார்த்துக்கொண்டிருந்தது, படம் சேமிக்கும் ஃபோல்டருக்கு மட்டும், பேக்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, விலக்குக் கொடுத்தேன். 25 வினாடிக்கு இறங்கியது. கொட்டேஷன் ஃபைலுக்குள் போய்விட்டது.

டாக்டர் வீட்டிலிருந்து ராத்திரி பார்ப்பது மட்டும் இன்னும் மந்தம். அங்கே லைன் வேகம் போதும், தூரம்தான் பிரச்சினை: ஒரு படம் அனுப்பி, "வந்துச்சு" என்ற பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். போய்வர 50 மில்லிசெகண்ட் என்றால் 1,200 படத்துக்குக் காத்திருப்பு மட்டுமே ஒரு நிமிஷம். இணையாக நாலு தொடர்பு திறந்து அனுப்புகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் ரூம் அக்கா கூப்பிட்டார், "தம்பி, மறுபடியும் ஊருது". முந்தின நாள் கம்பெனிக்காரர்கள் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருந்தார்கள், '100, ஃபுல்' பழையபடி உட்கார்ந்திருந்தது. இப்போது கன்சோல் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: அப்டேட் முடிந்ததும் ஆட்டோ இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எனக்குப் போன் பண்ணாமல் கிளம்பாதீர்கள்.