சாயம் போடாம தெரியிற சதை

மாமிக்கு மலத்தோட ரத்தம் போகத் தொடங்கி எட்டு மாசம், மூலம் எண்டுதான் வீட்டில எல்லாரும் சொல்லிக்கொண்டு இருந்தவங்க. படுவான்கரையில இருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து போறதுக்கே அவக்கு ஒரு நாள் போயிரும், அதோட வெக்கம் வேற. கடைசியா நான் அடம்பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் குடலுக்குள்ள கமெரா விட்டுப் பாக்கிற கொலொனோஸ்கொப்பி செய்ய வச்சன். பெருங்குடலுக்குள்ள ஒரு கட்டி. அதில அரிசிமணி அளவு நாலஞ்சு துண்டு எடுத்து அனுப்பினாங்க, ரிப்போர்ட் வர பதினெட்டு நாள்.

நானும் திசு லாப்பில வேல செய்யிற ஆள்தான், அதால அந்தத் துண்டுக்கு இப்ப என்ன நடக்குது, இப்ப என்ன நடக்குது எண்டு மனசு ஓடிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போகாம இருக்க ஃபோர்மலினில ஊறணும், மறுகா அல்ககோலில தண்ணிய எடுத்து மெழுகுக்குள்ள வச்சு இறுக்கணும், அதுக்குப் பிறகுதான் 4 மைக்ரோன் தடிப்பில, மில்லிமீட்டரில ஆயிரத்தில நாலு பங்கு, சீவுறது. சீவக்குள்ள ஃபேன் போடேலாது, ரிப்பன் மாதிரி வாற மெழுகு பறந்திரும். மே மாச வெக்கைக்கு மெழுகு ப்ளொக்க ஐஸில வச்சு வச்சுத்தான் வெட்டுவம். வெட்டினத வெதுவெதுப்பான தண்ணியில மிதக்க விட்டு, சுருக்கம் விரிஞ்ச உடன ஸ்லைட்டால மெல்ல ஏந்தி எடுக்கணும், கை கொஞ்சம் நடுங்கினாலும் மடிஞ்சிரும். பிறகு ரெண்டு சாயம்: ஹெமடொக்சிலினில செல்லுட கருவெல்லாம் ஊதா, ஈயோசினில மிச்சமெல்லாம் றோஸ்.

அந்த நாட்களிலதான் லேசர் வெளிச்சத்தால திசுவப் பாக்கிற மல்ட்டிஃபோட்டோன் மைக்ரோஸ்கோப் பத்தி ராவு ராவா வாசிச்சன். சாயமும் வேணாம் மெழுகும் வேணாம். வெளிச்சத்திட துணிக்கையான ஃபோட்டோன் ரெண்டு ஒரே நேரத்தில பட்டா மூலக்கூறு ரெண்டையும் சேத்து உறிஞ்சும் எண்டு பௌதீக விஞ்ஞானி மரியா கோப்பெர்ட் மேயர் 1931லயே கணக்குப் போட்டு எழுதிட்டா, லேசர் எண்ட ஒண்டே அப்ப இல்ல! 1990லதான் கோர்னெல் பல்கலைக்கழகத்தில அத மைக்ரோஸ்கோப்பா செஞ்சு காட்டினாங்க. செல்லுக்குள்ள இருக்கிற என்ஏடிஎச் எண்ட மூலக்கூறு லேசர் பட்டா தானாவே ஒளிரும். திசுவத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் நார் இன்னும் அதிசயம், 800 நானோமீட்டர் அலைநீள வெளிச்சம் போனா சரியா பாதி, 400 ஆக்கித் திருப்பித் தரும்.

நல்ல குடலில சுரப்பிக் குழியெல்லாம் ஒரே அளவில நிரையா நிக்கும், சளி சுரக்கிற செல்லுகள் கறுப்புப் பொட்டு மாதிரி, சுத்திவர கொலாஜன் வலை. கான்சர் வந்தா குழி கோணும், பொட்டு குறையும், அந்த வலை மருதமுனைத் தறியில பாவு நூல் அறுந்து சிக்கின மாதிரி ஆகிரும். கண்ணால கண்டா மறக்கேலாது.

இது இன்னும் ஆராய்ச்சிக்காரர்ட கையிலதான் கூட, லேசர் விலையும் லேசில்ல, முடிவு சொல்ல அனுபவமுள்ள டொக்டர்ட கண்ணும் வேணும். ஆனா ஒப்பரேசன் நடக்கக்குள்ளயே வெட்டின ஓரத்தில கான்சர் மிச்சம் கிடக்கா எண்டு பாக்கலாம் எண்டா, அதுக்காகவே நான் காத்திருப்பன். மாமிட விசயத்தில பதினெட்டு நாளை விட அந்த எட்டு மாசம்தான் எனக்கு நெஞ்ச அறுக்குது.

ஒப்பரேசன் முடிஞ்சு வீட்ட வந்த பிறகு ஒரு பின்னேரம் அந்தக் கொலாஜன் படத்த ஃபோனில அவக்குக் காட்டினன். கண்ணாடியப் போட்டு கனநேரம் பாத்தா. "இதில எது மனே கெட்டது?" எண்டு கேட்டா. நூல் பிரிஞ்சு கிடக்கிற இடத்தில அவட விரலப் பிடிச்சு வச்சன்.