மீதி பூஜ்ஜியம் ஆகும்வரை

ஜூலை 8
வகுப்பில் கால்க் விரிதாள். 252, 105 இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணை, அதாவது மீப்பெரு பொது வகுத்தியை (மீ.பொ.வ.) தேடுகிறோம். ஏ2 கட்டத்தில் 252, பி2-வில் 105. ஏ3-ல் சமக்குறி போட்டு பி2. பி3-ல் மாட்: ஏ2-வை பி2-வால் வகுத்த மீதி. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்தால் 105, 42, 42, 21, 21, 0. ஐந்தாம் நிரையில் மீ.பொ.வ. 21. இழுத்த கை அங்கே நிற்பதில்லை. பி6-ல் பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை, அதன் கீழே வரிசையாகப் பிழை. விடையை விட்டுவிட்டு எல்லோரும் பிழையையே பார்க்கிறார்கள்.

நோட்டில் யாரும் 21-ஐ 0-ஆல் வகுப்பதில்லை. எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. சொல்ல வைக்க வேண்டும்.

ஜூலை 9
கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து கரண்ட் இல்லை.

ஜூலை 10
இன்னும் இல்லை. யூபிஎஸ்ஸை நம்பிப் பாடம் தொடங்கக் கூடாது.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. நீளவாக்கில் 15 செ.மீ. அளந்து வெட்டினால் 21-க்கு 15 செவ்வகம். அதிலிருந்து முடிந்தவரை பெரிய சதுரம்: 15 ஒன்று, 6 இரண்டு, 3 இரண்டு. மிச்சத் தாள் இல்லை. கடைசிச் சதுரத்தின் பக்கம் 3, அதுவே மீ.பொ.வ. "எப்போது நிறுத்தினாய்?" என்றால் "வெட்டத் தாள் இல்லாதபோது" என்கிறார்கள். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13
கரண்ட் வந்தது. ஸ்க்ராட்ச்: கட்டளைக் கட்டைகளை அடுக்கித் திரையில் பூனையை நடத்தும் நிரல்மொழி. சமபக்க முக்கோணத்துக்குத் திரும்பும் கோணம் 60 என்று கொடுத்தவர்களுக்கு அறுகோணத்தில் பாதி வந்தது. பூனை திரும்புவது வெளிக்கோணம், 120. நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை அழுத்துமுன் எழுந்து நடந்து பார்க்க வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஜூலை 14
மறுபடி கால்க். பி பூஜ்ஜியமானால் வெறுமையாக விடு என்று இஃப் நிபந்தனை போட்டார்கள். பி6 சுத்தம், பி7-ல் வேறு பிழை. வெற்றுச் சரமும் பூஜ்ஜியமும் கணினிக்கு வேறுவேறு. மேல் நிரையின் பி பூஜ்ஜியமானால் ஏ-யில் பழைய ஏ, பி-யில் 0 என்று இரண்டு நிரலிலும் இஃப் வேண்டும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் 21, 0.

ஜூலை 15
89, 55-க்கு மீ.பொ.வ. காண ஒன்பது வகுத்தல். 900, 450-க்கு ஒன்றே ஒன்று. பெரிய எண்ணுக்குத்தான் அதிக நேரம் என்று வகுப்பே கை தூக்கியிருந்தது.

ஜூலை 16
அதே கணக்கு, பைத்தான் நிரல்மொழியில். மறுபடி அதே இடம்: எங்கே நிறுத்துவது.

நாம் "மீதி பூஜ்ஜியம் ஆகும்வரை" என்போம். ஸ்க்ராட்சில் அப்படியே ஒரு கட்டை இருக்கிறது. பைத்தானின் சுழற்சிக் கட்டளையான வைல் கேட்பது "பூஜ்ஜியம் ஆகாதவரை". தமிழில் நினைத்ததை அப்படியே எழுதினால் சுழற்சி ஒரு தடவைகூட ஓடாது, விடை 252. நிபந்தனையை இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிய பிறகே விசைப்பலகை.

ஜூலை 17
இன்று விடை 105. ஏ-க்கு பி-யைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் ஏ-யை பி-யால் வகுக்கிறார்கள். பழைய ஏ போய்விட்டது; 105-ஐ 105-ஆல் வகுத்து மீதி 0. கால்க்கில் மேல் நிரை அழியாமல் இருப்பதால் இந்தத் தவறு தலைகாட்டவே இல்லை. ஒரே வரியில் மாற்ற பைத்தானில் வழி உண்டு, இப்போது காட்டக் கூடாது. ஒரு தம்ளரில் டீ, ஒன்றில் பால். இடம் மாற்றச் சொல்லி, மூன்றாவது தம்ளரை அவர்கள் கேட்கும்வரை பொறுக்க வேண்டும்.

ஜூலை 20
காற்று. கரண்ட் இல்லை. தம்ளர்கள் மேசையில்.