பயாஸ் பாஸ்வேர்டு தெரியாத லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட கதை

திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனியில் லெனோவோவின் பழைய திங்க்பேட் லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஜாப் ஒர்க் கூலிக் கணக்கு முழுக்க அதில்தான், எல்லாம் எக்செல் கோப்புகள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கிற வயசு அந்த மெஷினுக்கு இல்லை. சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

லினக்ஸ் இருந்த பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பலாம் என்று அதைச் செருகி எஃப்12 அழுத்தினால் அசையவே இல்லை. பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் நிரல், அதன் செட்டிங்குக்குள் போக எஃப்1 அழுத்தினால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. முன்பு அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவரைப் போனில் பிடித்தோம். போட்டது அவர்தான், என்ன போட்டார் என்பது ஞாபகமில்லையாம்.

இந்த மாதிரி லேப்டாப்பில் மூன்று பூட்டுகள் உண்டு. ஆன் செய்ததும் கேட்பது ஒன்று. ஹார்ட் டிஸ்க்குக்கு என்று தனியாக ஒன்று, அது டிஸ்க்கிலேயே இருக்கும். செட்டிங்கை மாற்றப்போனால் மட்டும் கேட்பது இந்தச் சூப்பர்வைசர். முதலாவது, தேதியைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரியான காயின் செல்லைக் கழற்றினால் போய்விடும். சூப்பர்வைசர் அப்படிப் போகாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் மறக்காத சிப்பில் அது எழுதியிருக்கும். "செல்லக் கழட்டி மாட்டுனாச் சரியாப் போயிரும்" என்று சொல்லாத ஆளே இல்லை. கழற்றினால் தேதி அழிந்துபோகும், சில மாடல்கள் தேதியைச் சரிசெய்ய செட்டிங்குக்குள் வா என்று வாசலிலேயே நின்றுவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினும் அதோடு போச்சு. நான் செல்லைத் தொடவில்லை.

லெனோவோ கையேட்டைப் பார்த்தால், வாங்கிய ரசீதோடு சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்து மதர்போர்டையே மாற்று என்கிறது. திருடியவன் கையில் பயன்படக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு, அதைக் குறை சொல்ல முடியாது. கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் கேட்டேன். "சிப்புல கிளிப் மாட்டிப் படிச்சுத் திருத்தலாமுங்க. தப்பிப்போச்சுன்னா போர்டு போயிருமுங்க, பாத்துக்குங்க" என்றார். மறைக்காமல் சொன்னதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது: எனக்கு வேண்டியது லினக்ஸ், பாஸ்வேர்டு இல்லையே! உள்ளே இருக்கும் டிஸ்க்கிலிருந்து மெஷின் தினமும் தானாகக் கிளம்புகிறது. டிஸ்க்கை வெளியே தயார் செய்து மாட்டினால் போதும்.

மாமாவிடம் சொன்னதும் "கண்ணு, கணக்குப் போயிறாதுல்ல?" என்றார். பழைய டிஸ்க்கைத் தொடப்போவதில்லை, புதிதாக 2.5 அங்குல எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கலாம் என்றேன். அப்புறம்தான் முகம் தெளிந்தது.

முதலில் விண்டோஸில் மெஷின் விவரங்களைக் காட்டும் எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டி பயாஸ் மோடு என்ன என்று பார்த்தேன். இதை விட்டுவிட்டால் எல்லா வேலையும் வீண். மெஷின் கிளம்புவது பழைய லெகசி முறையிலா, புதிய யூஇஎஃப்ஐ முறையிலா என்பதை நம்மால் மாற்ற முடியாது, அதற்கு ஏற்றபடிதான் லினக்ஸை நிறுவ வேண்டும். இதில் யூஇஎஃப்ஐ, கையொப்பமிட்ட நிரலை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட் வசதியும் ஆன். மின்ட் அதோடு ஒத்துப்போகும்.

எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் போட்டு என் லேப்டாப்பில் நிறுவினேன். அதற்கு முன் என் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் லினக்ஸைக் கிளப்பும் பூட்லோடர் அந்த டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது இதைச் செய்த பலரும் பட்ட அவஸ்தை. நிறுவி முடித்ததும் எஸ்எஸ்டியில் கிளம்புவதற்கான கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பிரிவில், பூட் கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். எந்தக் கோப்பிலிருந்து கிளம்புவது என்ற குறிப்பு தன்னிடம் இல்லாத மெஷின் அங்கேதான் தேடும்.

அதை திங்க்பேடில் மாட்டி ஆன் செய்தேன். லோகோ வந்தது, அடுத்து மின்ட் திரை. எக்செல் கோப்புகள் மின்ட்டோடு வரும் லிபர் ஆபீஸில் திறந்தன. பழைய டிஸ்க் மாமாவின் பீரோவில் இருக்கிறது.

பூட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காயின் செல் ஒருநாள் தானாகவே தீரும். லேப்டாப் பேட்டரியோ சார்ஜரோ இருக்கும்வரை தேதி அழியாது என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதையும் மீறி மெஷின் பாஸ்வேர்டு கேட்டு நின்றுபோனால் காந்திபுரத்துக் கடையா, புது லேப்டாப்பா என்று அப்போது பார்க்க வேண்டியதுதான்.